சிமென்ட் கல்லா, கான்கிரீட் சுவரா? பேஸ்மட்டத்தை ஐந்தடி ஏற்றும்போது கவனிக்க வேண்டிய கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையின் உபரி நீர் தென்பெண்ணையில் பெருகிவந்து கடலூர்ப் பக்கத்துக் கரையோர நகர்களை மூழ்கடித்தது. அதற்கு முன் 2015 மழை, அதற்கும் முன் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். இத்தனைக்கும் பிறகு வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "பேஸ்மட்டம் எத்தனை அடி ஏத்தலாம்?" என்பதைத்தான். முன்பு ஒன்றரை அடி, இரண்டடி என்று இருந்தது இப்போது நாலடி, ஐந்தடி என்று போகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கீழே பாதி பள்ளமாகக் கார் நிறுத்த இடம், அதன் மேல் வீடு என்று திட்டம் போடுகிறார்கள்.

அப்போது வருகிற சந்தேகம்தான் தலைப்பில் இருப்பது. தரைக்குக் கீழும் தரையை ஒட்டியும் வரும் சுவரைச் சிமென்ட் கல் வைத்துக் கட்டுவதா, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) அடித்துக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவதா? இணையத்தில் தேடினால் அமெரிக்க, கனடிய விளக்கங்கள் கொட்டுகின்றன. அங்கே பல பகுதிகளில் குளிர்காலத்தில் நிலம் உறையும். உறையும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும் என்பதால் எப்படியும் ஆழமாகத் தோண்டுகிறார்கள், தோண்டிய பள்ளத்தையே ஒரு முழு அறையாக்கிக்கொள்கிறார்கள். நம் கடற்கரையில் உறைபனிக்கு வேலை இல்லை. நமக்கு உப்பு, களிமண், ஐப்பசி கார்த்திகை மழை. அங்கே சொல்லும் முடிவை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற இயற்பியல் இரண்டு ஊருக்கும் பொது.

முதலில் சொற்கள்

இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது.

1. வானம்: அஸ்திவாரத்துக்காகத் தோண்டும் பள்ளம். "வானம் தோண்டியாச்சா?" என்று கேட்பார்கள்.

2. கடைக்கால்: அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து வரும் அஸ்திவாரக் கட்டு.

3. பேஸ்மட்டம்: இயற்கைத் தரையிலிருந்து வீட்டுத் தரை வரை உள்ள உயரம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நிலத்தடி அறை என்று பொருள், நம் கொத்தனாருக்கோ அது தரைக்கு மேலே வருவது. வெளிநாட்டு வீடியோவைக் காட்டி மேஸ்திரியிடம் பேசும்போது ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான். இந்தக் கட்டுரையில் பேஸ்மட்டம் என்றால் நம் ஊர்ப் பொருள். பூமிக்குள் போகும் அறையை நிலத்தடித் தளம் என்றே சொல்கிறேன்.

4. சிமென்ட் கல்: ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் இரண்டுக்கும் பொதுப்பெயர். பொதுவாக 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், தடிமன் 4, 6 அல்லது 8 அங்குலம். எடை குறைந்த வெள்ளை ஏஏசி கல் இந்தப் பேச்சிலேயே வராது. நீரை நன்றாக உறிஞ்சும் அந்தக் கல்லை மண்ணுக்குள் வைக்கக் கூடாது.

5. பெல்ட்: சுவரைச் சுற்றி ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை. தரை மட்டத்தில் வந்தால் கிரேடு பீம், வீட்டுத் தளத்தின் மட்டத்தில் வந்தால் பிளிந்த் பீம்.

சுவருக்கு இரண்டு வேலை

ஒரு சுவர் இரண்டு விதமான சுமையைச் சந்திக்கிறது. ஒன்று மேலிருந்து கீழே அமுக்கும் எடை. இன்னொன்று பக்கவாட்டில் தள்ளும் மண்ணும் தண்ணீரும்.

முதல் வேலையில் சிமென்ட் கல்லுக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல 8 அங்குல சாலிட் பிளாக் சுவர் இரண்டு மாடி வீட்டின் எடையைச் சிரமமில்லாமல் தாங்கும். "கல் ஸ்ட்ராங்கா, கான்கிரீட் ஸ்ட்ராங்கா?" என்று கேட்கும்போது எல்லாரும் மனதில் வைத்திருப்பது இந்த அமுக்கு வலிமையைத்தான். ஆனால் இன்று கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை காலம், அதாவது கான்கிரீட் தூண், நிறுத்திக் கட்டுபவை. எடை முழுவதும் காலம் வழியாக அதன் அடியில் இருக்கும் பூட்டிங் என்ற பாதத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் இருக்கும் பேஸ்மட்டச் சுவருக்கு மேலிருந்து பெரிய எடை எதுவும் வருவதில்லை. அதற்கு மிஞ்சுவது இரண்டாவது வேலை மட்டும்தான்: உள்ளே கொட்டிய மண் வெளியே சரியாமல் பிடித்துவைப்பது.

இதில் பலர் கவனிக்காத ஒரு முரண் உண்டு. மேலே எடை இருந்தால் சுவர் பக்கவாட்டுத் தள்ளலை இன்னும் நன்றாகத் தாங்கும். அடுக்கிவைத்த புத்தகங்களின் மேல் கையை அழுத்திக்கொண்டு பக்கத்திலிருந்து தள்ளிப் பாருங்கள், அசையாது. கையை எடுத்தால் சரியும். பழைய காலத்துச் சுமைதாங்கிச் சுவர் மேலே இருக்கும் வீட்டின் எடையாலேயே நிமிர்ந்து நின்றது. காலம் வைத்த வீட்டின் பேஸ்மட்டச் சுவருக்கு அந்தக் கை கிடையாது.

மண் எவ்வளவு தள்ளும்?

30 அடிக்கு 40 அடி வீடு, ஐந்தடி பேஸ்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிரப்ப 6,000 கன அடி மண் வேண்டும். லாரிக்காரர் கணக்கில் 60 யூனிட், எடையில் ஏறக்குறைய 300 டன். இந்த 300 டன்னும் நேராகக் கீழே மட்டும் அமுக்குவதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்புகிறது. காய்ந்த நல்ல மணலாக இருந்தால், எந்த ஆழத்திலும் அங்குள்ள செங்குத்து அழுத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் வரும். சுவர் கொஞ்சமும் அசையாமல் விறைப்பாக நின்றால் அது பாதி வரைகூடப் போகும். களிமண் என்றால் நிலைமை மோசம், ஈரத்தில் ஊதிக்கொண்டு தனியாகவும் தள்ளும்.

மூன்றில் ஒரு பங்கு என்றே எடுத்துக்கொண்டாலும், பத்தடிக்கு ஒரு காலம் இருக்கும் வீட்டில் இரண்டு காலத்துக்கு நடுவே உள்ள ஐந்தடி உயரச் சுவரை மண் தள்ளும் விசை சுமார் 2 டன். ஒரு அம்பாசடர் காரும் அதற்குள் நான்கு பேரும் சுவரில் சாய்ந்து நிற்பதை விட அதிகம். இரவு பகலாக.

உயரம் கூடும்போது இது நேர்விகிதத்தில் கூடாது என்பதுதான் ஏமாற்றும் இடம். உயரம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. சுவரின் அடியில் அதை மடக்கப் பார்க்கும் வளைவுச் சுமை (கீழே சுருக்கமாக வளைவு) எட்டு மடங்கு. "அப்பா கட்டின வீட்டுக்கு ரெண்டரை அடி பேஸ்மட்டம், இதே சுவர்தான், நாப்பது வருஷமா நிக்குது" என்பது உண்மையாகவே இருக்கும். அதே சுவரை ஐந்தடிக்கு ஏற்றினால் அது எட்டு மடங்கு வேறு வேலை.

தண்ணீர் சேர்ந்தால்

உள்ளே இருக்கும் மண் முழுக்க நனைந்து, துளைகளில் நீர் நின்றுவிட்டால், மேலே சொன்ன 2 டன் நாலரை டன்னைத் தாண்டும். மண்ணின் தள்ளல் கொஞ்சம் குறையும், ஏனென்றால் நீரில் மண் மிதப்புக்கு உள்ளாகி எடை குறைகிறது. ஆனால் நீர் தன் முழு அழுத்தத்தையும் பக்கவாட்டில் காட்டும். மூன்றில் ஒரு பங்கு, பாதிப் பங்கு என்ற பேச்சே அதனிடம் இல்லை.

சரி, வெள்ளம் வந்தால் வெளியேயும் தண்ணீர் நிற்கிறதே, உள்ளும் புறமும் சமமாகிவிடாதா? ஆகும். வெள்ளம் நிற்கும் வரை சுவருக்கு ஆபத்து குறைவுதான். சிக்கல் வடியும்போது. தெருவில் நின்ற தண்ணீர் ஒரே இரவில் வாய்க்காலில் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் மண், அதிலும் களி கலந்த சவுடு, அவ்வளவு வேகமாக நீரை விடாது. வெளியே தாங்கிப்பிடித்த தண்ணீர் போய்விட்டது, உள்ளே தள்ளும் தண்ணீர் அப்படியே இருக்கிறது. மழை விட்டு, வெயில் அடித்து, எல்லாரும் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் நாளில் பேஸ்மட்டச் சுவரோ காம்பவுண்டுச் சுவரோ சாய்வது இதனால்தான். ஆற்றங்கரைகள் வெள்ளம் வடியும்போது சரிந்து விழுவதும் இதே காரணத்தால்.

ஆகவே எந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தாலும், தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்பது சுவரின் பொருளை விடப் பெரிய கேள்வி.

சிமென்ட் கல் சுவர் எங்கே தோற்கிறது?

கல் சுவரைப் பக்கத்திலிருந்து தள்ளினால் அது வளையப் பார்க்கும். வளையும்போது ஒரு முகம் நெருங்கும், மறுமுகம் பிரியும். பிரியும் முகத்தில் கல்லையும் கல்லையும் பிடித்துவைத்திருப்பது அரை அங்குலக் கலவை மட்டும். கட்டுச்சுவர்களுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 1905, நல்ல சிமென்ட் கலவைக்குக்கூட இந்த இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.07 நியூட்டன் இழுவிசைதான் அனுமதிக்கிறது. சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் பிய்ப்பது போல, பெரிய எதிர்ப்பே இல்லாத இடம் அது.

இதை வைத்துக் கணக்குப் போட்டால் 8 அங்குல சாலிட் பிளாக் சுவருக்கு, காய்ந்த மண்ணுக்கு, கிடைக்கும் விடைகள் இவை:

1. மேல்முனை கட்டப்படாமல் தனியாக நிற்கும் சுவர் தாங்குவது சுமார் இரண்டரை அடி மண். பழைய வீடுகளின் பேஸ்மட்ட உயரமும் ஏறக்குறைய இதுதான் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. கணக்குப் போடாத கொத்தனார்கள் அனுபவத்தில் வந்து நின்ற எல்லை அது.

2. ஐந்தடிச் சுவர், மேலே பெல்ட் இன்னும் போடவில்லை, அதற்குள் மண்ணைக் கொட்டியாகிவிட்டது என்றால், அனுமதித்ததைப் போல ஏழு மடங்கு வளைவு. வேலை நடக்கும்போதே சுவர் பிதுங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

3. கீழே கிரேடு பீம், மேலே பிளிந்த் பீம், நடுவே ஐந்தடிக் கல் சுவர் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இன்னும் கூடுதல்தான்.

4. நடுவில், இரண்டரை அடியில், இன்னொரு பெல்ட் ஓட்டினால் கணக்கு சரியாக வந்து உட்காருகிறது.

கணக்கில் தோற்ற எத்தனையோ சுவர்கள் ஊரில் நின்றுகொண்டிருக்கின்றன, உண்மை. விதித்தொகுப்பில் பாதுகாப்புக்காக விட்ட இடைவெளி, காலங்களுக்கு நடுவே சுவர் வில்போல இறுகிக்கொள்வது, நன்றாகப் படிந்த கிராவல் குறைவாகத் தள்ளுவது எல்லாம் சேர்ந்து காப்பாற்றுகின்றன. ஆனால் நான்காவது வகையிலும், உள்ளே மண் முழுக்க நனைந்து நீர் வெளியேறாமல் நின்றால், இரண்டு மடங்கு கூடுதல் சுமை வருகிறது. பெல்ட்டும் வடிகாலும் சேர்ந்தால்தான் கல் சுவர் பிழைக்கும்.

ஹாலோ பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பொந்துகளில் நிமிர்ந்த கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பினால் அது ஏறக்குறைய கம்பி போட்ட சுவராக மாறிவிடும். வெளிநாடுகளில் சாதாரணமாகச் செய்கிறார்கள். இங்கே அதைப் பிசகில்லாமல் செய்யும் ஆட்கள் குறைவு. பொந்துக்குள் விழுந்த கலவைக் கட்டி பாதி வழியில் அடைத்துக்கொள்ளும், கான்கிரீட் அடி வரை போகாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. வெறும் ஹாலோ பிளாக்கை மண்ணை எதிர்த்து நிறுத்துவது வீண் துணிச்சல்.

கான்கிரீட் சுவரின் பலம், அதன் பலவீனம்

அதே 8 அங்குலத்தில் எம் 25 கான்கிரீட் (எம் என்பது வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்), இழுபடும் முகத்தில் 12 மில்லிமீட்டர் கம்பி ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று போட்டால், அது தாங்கும் வளைவு கல் சுவரின் அனுமதியைப் போல அறுபது மடங்கு. ஐந்தடிக்கு ஆறு அங்குலச் சுவரே போதும், நனைந்த மண்ணுக்கும் சேர்த்து. இதில் பெரும் பங்கு கம்பியால் வருவது. கம்பி இல்லாத வெறும் கான்கிரீட் சுவரும் வளைவில் சீக்கிரம் வெடிக்கும். "கான்கிரீட் ஊத்தியாச்சு, இனி என்ன?" என்று கம்பியில் மிச்சம் பிடிக்கிறவர்கள் கேட்க வேண்டிய இடம் இது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. உப்பு, கல்லையும் கலவையையும் மெதுவாகத்தான் கெடுக்கும். ஓதம் ஏறும், பூச்சு உரியும், உப்புப் பூக்கும், ஆனால் சுவர் உடனே விழாது. கம்பியை உப்பு தொட்டால் துரு பிடிக்கும், துரு ஏறிய கம்பி ஊதும், ஊதிய கம்பி தன்னை மூடிய கான்கிரீட்டைப் பிளக்கும், பிளவு வழியாக இன்னும் உப்பு. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலைப் பார்த்த பழைய கட்டடங்களின் சன்ஷேடு அடியை நிமிர்ந்து பார்த்தால் இந்தக் கதை வரிசையாகத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் சுவரில் அதைப் பார்க்கக் கண் கிடைக்காது.

அதனால் கடற்கரையில் கான்கிரீட் சுவர் என்றால் இவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது:

1. ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது. அதற்கு எம் 30 கான்கிரீட், ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாத தண்ணீர். மேலே உதாரணத்துக்குச் சொன்ன எம் 25 ஊருக்கு உள்ளே, உப்பு இல்லாத மனைக்கு.

2. கவர், அதாவது கம்பிக்கும் வெளி முகத்துக்கும் நடுவே உள்ள கான்கிரீட்டின் தடிமன். கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டர், நிலத்தடி நீரே உப்பாகவோ அரிப்பதாகவோ இருந்தால் 50. கட்டையும் ஜல்லித் துண்டும் முட்டுக்கொடுத்தால் இது கிடைக்காது, கவர் பிளாக் வாங்கிக் கட்ட வேண்டும்.

3. கலக்கும் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் அனுமதி. கம்பி இல்லாததற்கு 2,000 வரை. மனையிலேயே போட்ட போர் தண்ணீர் உப்புக் கரித்தால், கல் கட்டுக் கலவைக்கு ஓடலாம், கம்பிச் சுவருக்கு ஓடாது. ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும்.

4. சாதாரண ஓபிசி சிமென்ட்டை விட, சாம்பல் கலந்த பிபிசி அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் உப்பு ஊடுருவலை நன்றாகத் தடுக்கும். ஆனால் அவற்றுக்கு 10 நாளாவது ஈரம் காக்க வேண்டும். மூன்றாம் நாளே பலகை பிரித்து மண் தள்ளும் அவசரத்துக்கு அவை ஒத்துவராது.

எந்த மண்ணில் இருக்கிறோம்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள்ளேயே மண் மூன்று முகம் காட்டுகிறது.

கடலூரின் கேப்பர் மலை, புதுச்சேரியின் லாஸ்பேட்டை, காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் எல்லாம் செம்மண் மேடு. நீர் கீழே, மண் இறுக்கம். இங்கே வெள்ளத்துக்காகப் பேஸ்மட்டத்தை ஐந்தடி ஏற்றவே தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றினார் என்று ஏற்றுவது வேறு கதை.

கடலை ஒட்டிய மணல். தாங்குதிறன் மோசமில்லை, நீரும் வேகமாக வடியும். ஆனால் நாலைந்து அடி தோண்டினால் தண்ணீர் ஊறும். நிலத்தடித் தளத்துக்குப் பள்ளம் எடுத்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மோட்டார் நீரோடு மணலையும் இழுத்துப் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை அசைக்கும்.

மூன்றாவது, தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி படுகைகளின் வண்டலும் களியும். பாகூர் வயல்வெளி, ஆற்றை ஒட்டிய புது நகர்கள், இன்னும் தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வரை. வெள்ளம் வருவதும் இங்கேதான், பேஸ்மட்டம் ஏறுவதும் இங்கேதான், மண் சுருங்கி விரிவதும் இங்கேதான். அஸ்திவாரம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினால் கல் சுவரில் கலவை வழியாகப் படிக்கட்டு போல வெடிப்பு ஓடும். கான்கிரீட் சுவர் ஒரே பலகையாக நின்று சிறிய இறக்கத்தைச் சமாளிக்கும். மண்ணைச் சோதிக்காமல் இந்தப் பகுதியில் எந்தச் சுவரைப் பற்றியும் பேசுவது ஆரூடம்தான்.

அப்படியானால் எதற்கு எது?

1. மூன்றடி வரை பேஸ்மட்டம்: 8 அங்குல சாலிட் பிளாக், மேலே பெல்ட். இரண்டரை அடியைத் தாண்டும்போது பெல்ட் போட்ட பிறகே மண். இதற்குக் கான்கிரீட் சுவர் செலவழிப்பது, என் பார்வையில், வீண்.

2. மூன்றிலிருந்து ஐந்தடி: இங்கேதான் உண்மையான தேர்வு. நடு பெல்ட், மேல் பெல்ட், பத்தடிக்குள் காலம், நீர் வடியும் மண், வடிகால் துளை இவை ஐந்தும் நிச்சயம் என்றால் சாலிட் பிளாக். ஐந்தில் ஒன்று சந்தேகம் என்றாலும் கம்பி போட்ட கான்கிரீட். வானூர் பக்கத்துக் குவாரிக் கருங்கல் மலிவாகக் கிடைத்தால், அடியில் அகலமாகத் தொடங்கி மேலே குறுகும் கருங்கல் கட்டு மூன்றாவது வழி. ஆனால் அடிப்பகுதியின் அகலம் உயரத்தில் பாதியாவது வர வேண்டும். 30 அடி மனையில் இரு பக்கமும் இரண்டரை அடி விட யாருக்கு மனம் வரும்?

3. ஐந்தடிக்கு மேல், அல்லது ஒரு பக்கம் மண்ணும் மறுபக்கம் காலியிடமுமாக இருக்கும் கார் நிறுத்தத் தளம்: கான்கிரீட் மட்டும். இங்கே கல் சுவர் தேர்வுப் பட்டியலிலேயே இல்லை.

4. நிலத்தடி நீர்த்தொட்டி: இதுவும் கான்கிரீட்டுக்குத்தான். தொட்டிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. 8 அடிக்கு 6 அடி, ஆழம் 6 அடி, அரையடிச் சுவரும் அரையடி அடித்தளமும் கொண்ட தொட்டியின் எடை, மூடி போடுவதற்கு முன், ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள மண்ணில் நீர் தரை மட்டம் வரை ஏறினால் அதை மேலே தூக்கும் விசை எட்டு டன். காலித் தொட்டி கப்பல் மாதிரி கிளம்பும். மூடி போடாத தொட்டியை வைத்துக்கொண்டு ஐப்பசியைக் கடப்பதென்றால் அதில் தண்ணீர் நிரப்பிவைப்பதுதான் வழி.

செலவை எப்படி ஒப்பிடுவது?

சதுர அடி விலை கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். மேலே சொன்ன வீட்டின் சுற்றளவு 140 அடி, உயரம் ஐந்து, ஆக 700 சதுர அடிச் சுவர்.

கல் என்றால் ஏறக்குறைய 790 கல், கலவை, இரண்டு பெல்ட்டுக்கான கான்கிரீட்டும் கம்பியும் பலகையும், கொத்தனார் கூலி. ஆறு அங்குலக் கான்கிரீட் என்றால் சுமார் 350 கன அடி, அதாவது 10 கன மீட்டர். கம்பி முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை, வடிவமைப்பைப் பொறுத்து. சுவரின் இரு பக்கமும் சேர்த்து 1,400 சதுர அடி சென்ட்ரிங். சுவர் தனியாகப் பிடித்து நிற்க வேண்டுமென்றால் அதன் அடியில் அகன்ற பாதம், அதற்கும் கான்கிரீட்.

கல் கணக்கில் பெல்ட்டை விட்டுவிட்டு ஒப்பிடும்போதுதான் கல் மிக மலிவாகத் தெரிகிறது. பெல்ட்டுக்கும் பலகை அடிக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், இரண்டு முறை காத்திருக்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் பெரும்பாலும் கல்தான் மலிவு. வித்தியாசம் மட்டும் முதலில் சொன்ன அளவுக்கு இருக்காது.

வேலை நடக்கும் இடத்தில்

கல் வாங்கும்போது ஒரு கல்லை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து எடை பாருங்கள். காய்ந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீர் குடித்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம், ஐ.எஸ். 2185 வைக்கும் எல்லை அது. சூளைக்குப் போகாத இந்தக் கல் நீரில்தான் வேகிறது. போன வாரம் அச்சிலிருந்து எடுத்த கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கி, நேர்கோட்டில் வெடிப்பு விடும்.

கான்கிரீட் சுவரில் கண் வைக்க வேண்டிய ஒரே இடத்தைச் சொல்லச் சொன்னால், அடிப்பாதமும் சுவரும் சேரும் அந்த முதல் அரை அடியைச் சொல்வேன். பாதத்தின் மேல் மரத்தூளும் கட்டுக்கம்பித் துண்டும் விழுந்து கிடக்கும். மேலேயிருந்து ஐந்தடிக் குறுகலில் கொட்டும் கான்கிரீட்டில் ஜல்லி முதலில் போய்ச் சேரும், சிமென்ட் பால் பின்தங்கும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி அடி வரை எட்டாது. பலகை பிரித்ததும் அங்கே ஜல்லி தேன்கூடு மாதிரி பல்லைக் காட்டும். மேஸ்திரி உடனே கலவை பூசி மறைத்துவிடுவார், அவர் கை அவ்வளவு வேகம். வளைவு அதிகம் வருவதும், நீர் அழுத்தம் அதிகம் வருவதும் அதே அரை அடியில்தான். ஊற்றும் முன் அந்த இடத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும், ஒன்றரை இரண்டடி உயரமாக அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும், நிலத்தடித் தளம் என்றால் அந்தச் சந்தில் நீர் கசிவைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வைத்தே ஆக வேண்டும். பலகை பிரிக்கும் நாளில் வீட்டுக்காரர் அங்கே நிற்பது நல்லது.

மண் நிரப்புவது இரண்டு சுவருக்கும் பொது. வயலிலிருந்து வெட்டிய களியை மலிவு என்று கொட்ட வேண்டாம். கிராவல் அல்லது மணல், அரையடி முக்காலடி அடுக்காக, நீர் தெளித்து இடித்து. சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி அல்லது பருமணல், அதற்கு எதிரே தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஐந்தாறு அடிக்கு ஒரு 3 அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. "பாம்பு, எலி பூந்துடும்" என்று இந்தத் துளையை அடைக்கச் சொல்லாத வீடே இல்லை. உள்முனையில் வலை கட்டினால் போதும், பாம்புக்கும் வழி இல்லை, மண்ணும் கரைந்து வராது.

ஏற்கெனவே ஏற்றிக் கட்டிய வீடு என்றால், சுவரின் இரண்டு மூலைக்கும் ஆணி அடித்து, பேஸ்மட்டத்தின் நடு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மூலையிலும் நடுவிலும் அளந்து, தேதியோடு சுவரிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். மார்கழியில் மழை ஓய்ந்ததும் திரும்ப அளந்து பாருங்கள். நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சுவர் பிதுங்குகிறது. அப்போது பூச்சு வேலைக்காரரைக் கூப்பிடாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை, கீழ்ப்பகுதியில் துளை போட்டு உள்ளே தேங்கிய நீரை இறக்கிவிடலாம்.